'அறளை பெயர்தல்' எங்கட ஊரில் இல்லையா? அல்சைமர் நோய் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்

போன மாதம் ஸ்காபரோவில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கராஜில் கதிரை போட்டு இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். இறந்த அம்மாவுக்கு 84 வயது. கடைசி மூன்று வருடமும் சொந்தப் பிள்ளைகளையே ஆள் மாறித்தான் கூப்பிட்டார். அந்தக் கதை வந்தபோது ஓர் ஐயா சொன்னார்: "உந்த அல்சைமர் எல்லாம் வெள்ளைக்காரற்ர வருத்தம் தம்பி. எங்கட ஊரில ஆருக்கு வந்தது? இங்கத்தச் சாப்பாடும் குளிரும்தான் ஆளை இப்பிடி ஆக்குது." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

தேத்தண்ணி கொண்டுவந்த மகள் அதைக் கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வெளிக்கிடும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: "அண்ணை, அம்மாவுக்கு அது தொடங்கி நாலு வருசம் எங்களுக்கே தெரியாது. வயசு போனா அறளை பெயருறதுதானே எண்டு விட்டிட்டம். ஒருநாள் பொலிஸ் பஸ் ஸ்டொப்பில இருந்து கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் டொக்டரிட்டக் காட்டினது."

ஒரே வீட்டில் கேட்ட இரண்டு கதை. ஊரில் இந்த வருத்தமே இல்லை என்கிறார் ஐயா. மகள் பாவித்த சொல்லோ ஊர்ச் சொல். 'அறளை பெயர்ந்துபோச்சு' என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஊரில் இல்லாத ஒன்றுக்கு ஊர் ஏன் பெயர் வைக்கப் போகிறது?

ஆனாலும் ஐயா சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இந்த நோய் உலகம் முழுக்க ஒரே அளவில் பதிவாவதில்லை என்பது உண்மை. ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டு போனால், கடைசியில் அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்து, அன்றாட வேலைகளே செய்ய முடியாமல் போகும் நிலைக்குப் பொதுப்பெயர் டிமென்ஷியா; தமிழில் மறதி நோய் என்கிறோம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் நோயால் வருவது. ஜெர்மனி வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்ததால் அந்தப் பெயர்.

பல்லப்கரில் குறைவு, இபாதானில் குறைவு

'எங்கட ஆக்களுக்கு வராது' என்ற நம்பிக்கைக்குப் பின்னால் உண்மையான ஆய்வுகளும் இருக்கின்றன. டில்லிக்குத் தெற்கே ஹரியானா மாநிலத்தில் பல்லப்கர் என்று ஓர் இடம். 1990களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அங்குள்ள கிராமங்களில் 55 வயதும் அதற்கு மேலும் உள்ள 5,126 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 73 சதவீதமானோர் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். தொடர்ந்து கவனித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் புதிதாக அல்சைமர் வருவது, வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, வருடத்துக்கு ஆயிரம் பேரில் 4.7. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மொனொங்ககேலா பள்ளத்தாக்கில் கண்ட எண் 17.5. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அதே 2001இல் இன்னொரு முடிவும் வந்தது. நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொருபா மக்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பின மக்களையும் ஒரே முறையில் கவனித்த ஆய்வு அது. இபாதானில் வருடத்துக்கு 1.15 சதவீதம் பேருக்குப் புதிதாக அல்சைமர் வந்தது, இண்டியானாபொலிசில் 2.52 சதவீதம். மேற்கு ஆபிரிக்காவில் மூதாதையரைக் கொண்ட இரண்டு கூட்டம், ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசம்.

பல்லப்கர் எண் வெளியில் வந்ததும் பலரும் கறிச்சட்டிக்குள் காரணம் தேடினார்கள். மஞ்சள்தான் மூளையைக் காப்பாற்றுகிறது என்ற கதை அப்படித்தான் பிரபலமானது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுகூடக் குடுவைக்குள் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் வாயால் சாப்பிட்டால் அதில் மிகக் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேர்கிறது. அல்சைமர் நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தபோதும் பலன் தெரியவில்லை. மஞ்சள் கறிக்கு நல்லது, அதோடு விடுவோம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? காரணங்களை இரண்டு கூடையில் போட்டுப் பார்க்கலாம். ஒன்று, எண்ணும் விதத்தால் வரும் வித்தியாசம். மற்றது, உடம்பிலும் வாழ்க்கையிலும் உண்மையாகவே இருக்கும் வித்தியாசம்.

வயது என்ற முதல் கணக்கு

65 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் மறதி நோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. எனவே 80 வயதைத் தாண்டியவர்கள் நிறைய இருக்கும் நாட்டில் இந்த நோயும் நிறைய இருக்கும். இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் அங்கே சராசரி ஆயுள் 40ஐக்கூட எட்டவில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து ஊரில் 85 வயதுக்காரர் ஒருவரோ இருவரோதான். அவர்களில் ஒருவருக்கு அறளை பெயர்ந்தால் அது 'அந்தக் கிழவியின் கதை'. அது ஒரு நோய் என்று சொல்லும் அளவுக்கு ஆட்கள் இருக்கவில்லை.

ஊரில் அம்மம்மாவுக்கு வரவில்லை, கனடாவில் அம்மாவுக்கு வந்துவிட்டது என்று கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறோம். அம்மம்மா 68இல் போய்ச் சேர்ந்தார். அம்மா 84 வரை இருந்தார். குளிரிலும் சாப்பாட்டிலும் பழியைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பதினாறு வருடத்தை எண்ண வேண்டும்.

ஆனால் வயது மட்டும் காரணம் என்றால் பல்லப்கர் எண் விளங்காது. அங்கே வயதைச் சரிசெய்துதான் ஒப்பிட்டார்கள். பராமரிப்பு இல்லாமல் நோயாளிகள் சீக்கிரம் இறந்துபோவதால் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது என்றும் சொல்வார்கள். அதுவும் பாதிதான் பொருந்தும். ஒரு நேரத்தில் எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்று எண்ணினால் அப்படி நடக்கும். பல்லப்கரில் எண்ணியது புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பதை.

வேலூரில் காணாமல் போன நோயாளிகள்

இங்கேதான் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. உலகில் மறதி நோயுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், வசதி குறைந்த நாடுகளில் இருப்பதாக ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். ஆனால் அவர்களைப் பற்றி நடந்த ஆராய்ச்சி அப்போது 10 சதவீதமும் இருக்கவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யத் தொடங்கிய ஆய்வுக் குழு, அந்த இரண்டு எண்ணையே பெயராக்கி '10/66' என்று வைத்துக்கொண்டது. இந்தியாவில் அவர்கள் வேலை செய்த இடங்கள் சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும்.

2008இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்டதைப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் நான்காம் பதிப்பை அப்படியே வைத்து எண்ணியபோது, 65 தாண்டியவர்களில் மறதி நோய் கியூபாவில் 6.3 சதவீதம், இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 சதவீதம். இருபது மடங்கு வித்தியாசம்! பிறகு படிப்பும் பண்பாடும் வேறுபட்ட இடங்களுக்கென்று தாங்கள் உருவாக்கிய முறையில் எண்ணினார்கள். அப்போது ஆய்வு நடந்த எல்லா இடங்களும் 5.6 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் இடையில் வந்துவிட்டன. வேலூர்க் கிராமங்களும் அதற்குள்ளேதான். அதே ஆட்கள், அதே மூளை. மாறியது அளவுகோல் மட்டும்.

முதல் அளவுகோல் எங்கே தவறியது? நினைவு குறைந்தால் மட்டும் அந்தக் கையேட்டுக்குப் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டது என்று வீட்டார் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 75 வயது மாமியை யார் சமைக்க விடுகிறார்கள்? வங்கிக் கணக்கு மகன் பார்க்கிறார். கடைக்கு மருமகள் போகிறார். மருந்துக் குளிசையைப் பேத்தி எடுத்துக் கொடுக்கிறாள். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, டிவி பார்த்தால் மாமியின் நாள் முடிந்தது. மாமியால் எது முடியாமல் போனது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பதே பதில். பொய்யில்லை; எதையும் செய்யச் சொல்லாத ஆளிடம் எது முடியவில்லை என்று தெரியாது.

வயதானவரை வேலை செய்ய விடாமல் வைத்திருப்பதை நாங்கள் மரியாதை என்கிறோம். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் நோய் வசதியாக ஒளிந்துகொள்ளும்.

பின்னர் இந்தியா முழுவதும் 60 வயது தாண்டியவர்களிடம் நேரடியாகச் சோதனைகள் செய்து ஒரு பெரிய கணக்கு எடுத்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 இலட்சம் பேர் மறதி நோயோடு இருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் கூட, நகரத்தைவிடக் கிராமத்தில் கூட. மாநிலங்களுக்கு இடையிலும் பெரிய வித்தியாசம்: டில்லியில் 4.5 சதவீதம், ஜம்மு காஷ்மீரில் 11 சதவீதம். கிராமத்துக் காற்றும் கூழும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை. இலங்கையில் ராகமையில் செய்து 2003இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வும் 65 தாண்டியவர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் என்று கண்டது. 'எங்கட ஊரில இல்லை' என்பதற்கு இலங்கையிலும் ஆதாரம் இல்லை.

எண்ணும் விதத்தால் வரும் வித்தியாசம் ஏழை நாடுகளுக்கு மட்டுமானதும் இல்லை. 2024இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அந்த நாட்டுக்குள்ளேயே எந்தப் பகுதியில் வாழ்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மறதி நோய் என்று கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு வரை மாறுகிறது என்று காட்டியது. வயது, இனம், மற்ற நோய்கள் என்று சரிசெய்த பிறகும் அப்படித்தான். எந்த வைத்தியர் இருக்கிறார், அவர் தேடிப் பார்க்கிறாரா என்பதிலும் அந்த எண் தங்கியிருக்கிறது.

மரபணு பாதிக் கதைதான்

சரி, எண்ணும் விதத்தை எவ்வளவு திருத்தினாலும் ஓரளவு உண்மையான வித்தியாசம் மிஞ்சத்தான் செய்கிறது. மரபணுவா?

சில இடங்களில் ஆம். கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்தில் சில பெரிய குடும்பங்களில் ஒரே ஒரு மரபணுப் பிழை தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு 40களின் நடுவிலேயே மறதி தொடங்கிவிடும். 2024இல் காலமான வைத்தியர் பிரான்சிஸ்கோ லொபேரா 1980களிலிருந்து அந்தக் குடும்பங்களோடு வேலை செய்துதான் இதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். ஆனால் இது மிக அரிதான வகை.

முதுமையில் வரும் சாதாரண அல்சைமருக்கு அதிகம் பேசப்படுவது 'ஏபோஈ-4' என்ற மரபணு வகை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து கூடும். இருவரிடமிருந்தும் வந்தால் இன்னும் கூடும். ஐரோப்பாவில் வடக்கே போகப் போக இது அதிகம்: பின்லாந்து, சுவீடன் பக்கம் கூட, இத்தாலி, கிரேக்கம் பக்கம் குறைவு. பல்லப்கரிலும் இது அமெரிக்காவைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு மடங்கு வித்தியாசத்தை விளக்கும் அளவுக்குக் குறைவில்லை. இபாதானில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே இந்த மரபணு வகை நிறையப் பேரிடம் இருந்தும், அமெரிக்காவில் செய்வதுபோல் அங்கே அது நோயைக் கூட்டவில்லை. விதை ஒன்றுதான், மண் வேறு.

கப்பல் ஏறினால் என்ன மாறும்?

அந்த மண் எது என்று பார்க்க வழி, இடம் மாறியவர்களைப் பார்ப்பது. நாங்களும் அந்தக் கூட்டம்தானே.

ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி முதிய ஆண்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு, அவர்களிடம் அல்சைமர் ஜப்பானில் பதிவானதைவிட அதிகம், ஐரோப்பிய வம்சாவளியினரின் அளவுக்குக் கிட்ட என்று சொன்னது. இரத்தம் ஜப்பான், நோய் அளவு அமெரிக்கா.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது சிங்கப்பூர். அங்கே இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மை தமிழர். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறக்குறைய 15,000 பேரைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், சீனர்களைவிட இந்திய வம்சாவளியினருக்கு அல்சைமர் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் மறதி நோயும் அப்படித்தான். 'வெள்ளைக்காரற்ர வருத்தம்' என்று சொல்லும் எவரும் இந்த எண்ணை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஆனால் கலிபோர்னியாவுக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே ஒரே மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் உள்ள முதியவர்களைப் பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வில், தெற்காசியரிடம் மறதி நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது வருடத்துக்கு ஆயிரம் பேரில் 12.1, வெள்ளையரில் 17.4. இங்கிலாந்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோதும் தெற்காசியரிடம் பதிவான அளவு வெள்ளையரைவிட 17 சதவீதம் குறைவு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது: மறதி நோய் வந்த தெற்காசியர், அதே நோய் வந்த வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று வருடம் இளவயதில் இறந்துபோகிறார்கள்.

சிங்கப்பூரில் கூட, கலிபோர்னியாவில் குறைவு. எங்கள் இரத்தத்தில்தான் காரணம் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? யார் போனார்கள் என்று பார்த்தால் ஓரளவு விளங்கும். அமெரிக்காவுக்குப் போன தெற்காசியரில் நன்றாகப் படித்தவர்கள் அதிகம். விசா விதிகளே அப்படித்தான் வடிகட்டின. சிங்கப்பூருக்கு எங்கள் முன்னோர் பலர் கூலிகளாகப் போனார்கள், பள்ளிக்கூடம் காணாமலே வளர்ந்தார்கள். இது என் கணிப்பு. ஆனால் படிப்பும் இரத்தக்குழாய்களும் இந்த நோயில் எவ்வளவு முக்கியம் என்பது கணிப்பு இல்லை.

இண்டியானாபொலிஸ் கதையின் இரண்டாம் பாகம் அதைத்தான் காட்டுகிறது. அதே ஆய்வாளர்கள் 1992இல் ஒரு கூட்டத்தையும் 2001இல் புதிதாக இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துக் கவனித்தார்கள். இண்டியானாபொலிசில் மறதி நோய் புதிதாக வரும் அளவு முதல் கூட்டத்தில் வருடத்துக்கு 3.6 சதவீதம், இரண்டாம் கூட்டத்தில் 1.4 சதவீதம். இபாதானில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது இரண்டு நகரத்துக்கும் இடையில் இருந்த அந்தப் பெரிய இடைவெளி ஒரு தலைமுறைக்குள் சுருங்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் மரபணு மாறாது. பிந்திய கூட்டம் அதிக வருடம் படித்தவர்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் அதில் அதிகம்.

பொலிவியாவின் அமேசன் காட்டோரத்தில் வாழும் சிமானே மக்களிடம் 60 தாண்டியவர்களில் மறதி நோய் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் என்று 2022இல் கண்டார்கள். நாள் முழுக்க நடை, மீன்பிடி, தோட்ட வேலை. அவர்களின் இதய இரத்தக்குழாய்கள் உலகிலேயே மிகச் சுத்தமானவற்றுள் அடங்கும் என்று அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. படிப்பு குறைந்தவர்களிடமும் நோய் குறைவாக இருக்கலாம், இரத்தக்குழாய் நன்றாக இருந்தால்.

எங்கள் வீட்டுப் பட்டியல்

2024இல் லான்செட் ஆணைக்குழு மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பதினான்கும் இவை: சிறுவயதில் படிப்புக் குறைவு, கேள்விக் குறைபாடு, கெட்ட கொலஸ்ட்ரோல், மனச்சோர்வு, தலையில் காயம், உடற்பயிற்சி இன்மை, நீரிழிவு, புகைத்தல், உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், அளவுமீறிய மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்குப் புலம்பெயர்ந்த வீடு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. சீனி வருத்தமும் பிறஷரும் இல்லாத தமிழ் வீடு எத்தனை? பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அம்மாக்கள் எத்தனை பேர்? போரையும் இடப்பெயர்வையும் பிள்ளைகளின் சாவையும் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒருநாளும் வாய்விட்டுக் கதைக்காதவர்கள் எத்தனை பேர்? ஸ்பொன்சரில் வந்து, பகல் முழுக்க எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில், பனிக்காலத்தில் ஐந்து மாதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருப்பது தனிமை இல்லையா? காது கேட்கவில்லை என்றால் 'வயசு' என்கிறோம். கேள்விக் கருவி வாங்கிக் கொடுத்தாலும் அது லாச்சிக்குள் கிடக்கிறது.

எங்களிடம் ஒரு நல்ல சொத்தும் உண்டு. ஹைதராபாத்தில் வைத்தியர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 மறதி நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நான்கரை வருடம் பிந்தித் தொடங்கியிருந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களிடமும் அதே பலன். ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மட்டும் பார்த்தது என்பதால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பேரப்பிள்ளையோடு அம்மம்மா தமிழில் கதைப்பதும், அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை ஆங்கிலமோ பிரெஞ்சோ நோர்வேஜியனோ சொல்லிக்கொடுப்பதும் எந்த வகையிலும் நட்டமில்லை.

பிந்திக் கண்டுபிடிப்பதன் விலை

இவ்வளவும் சொல்வது யாரையும் பயமுறுத்த இல்லை. 'எங்கட ஆக்களுக்கு வராது' என்ற நம்பிக்கையால் நாங்கள் இழப்பது காலத்தை.

மறதியோடு வருபவர்கள் எல்லோருக்கும் அல்சைமர் இல்லை. தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் அதுபோலவே தெரியும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களிடம் பி12 குறைவு வர வாய்ப்பு அதிகம். இவை இரத்தப் பரிசோதனையாலும் கதைத்துப் பார்ப்பதாலும் தெரியவருபவை, மருந்தால் திருத்தக்கூடியவை. 'அறளை' என்று விட்டுவிட்டால் திருத்தக்கூடியதும் திருந்தாமல் போகும். உண்மையான அல்சைமர் என்றாலும், 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கானெமாப் போன்ற புதிய மருந்துகள் ஆரம்ப கட்டத்தில் மட்டும்தான். பலன் பெரிதில்லை, பக்கவிளைவும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கலாம். நான்கு வருடம் பிந்திப் போனால் அந்தக் கேள்வியே வராது. உயில், வீடு, வங்கி, தனக்கு எப்படிப் பராமரிப்பு வேண்டும் என்பதையெல்லாம் அம்மா தானே தன் வாயால் சொல்லும் காலமும் அந்த நான்கு வருடத்துக்குள்தான் போய்விடுகிறது.

வைத்தியரிடம் போகும்போது செய்ய வேண்டியவை சில. 'மறதி கூடிப்போச்சு' என்று பொதுவாகச் சொல்லாமல், ஐந்து வருடத்துக்கு முன் செய்த எதை இப்போது செய்வதில்லை என்று எழுதிக்கொண்டு போங்கள்: தோசைக்கு அளவு மறந்தது, சீட்டுக் காசு கணக்குப் பிழைத்தது, தெரிந்த கோயிலுக்கு வழி தெரியாமல் நின்றது. மறதி நோயில் பிந்திக் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. எனவே சோதனையைத் தமிழில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களே மொழிபெயர்க்கப் போகாதீர்கள். "அம்மா, இண்டைக்கு என்ன நாள்? செவ்வாய்தானே?" என்று பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம், பாசத்தில். படிப்போ மொழியோ முடிவைக் குழப்பாமல் இருக்க சிட்னியில் உருவாக்கி 2004இல் வெளியிட்ட 'ரூடாஸ்' என்ற சோதனையும் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு அது செய்ய முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

எங்கள் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரும்பாலான பதிவுகளில் நாங்கள் 'தெற்காசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் இருக்கிறோம். பஞ்சாபி விவசாயியும் சில்ஹெட் கடைக்காரரும் யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் அதற்குள் ஒன்று. 0.3 சதவீதம் என்ற எண், தவறான அளவுகோல் கொடுத்த எண்ணாக இருந்தும், எத்தனை நம்பிக்கையை வளர்த்தது என்று பார்த்தோம். வருடாவருடம் கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்கிறோம். ஒரு பின்னேரம் முதியோருக்கு நினைவுச் சோதனையும் காதுச் சோதனையும் பிறஷர் பார்ப்பதும் தமிழில் வைத்தால் என்ன? தமிழரைத் தனியாக எண்ணச் சொல்லிச் சுகாதாரத் துறையிடம் ஒரு மனு கொடுத்தால் என்ன?

அந்தியேட்டி வீட்டு ஐயாவுக்கு 76 வயது. போன கிழமை கடையில் கண்டேன். நான் இதையெல்லாம் சொல்லத் தொடங்க, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "என்ன தம்பி?" என்று மூன்று தரம் கேட்டார். அல்சைமர் கதையை அப்படியே விட்டுவிட்டு, காதைக் காட்ட எப்போது போகலாம் என்றுதான் கேட்டேன். வாற செவ்வாய் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.